பாஸ்பேட் எஸ்டரில் கருக்கவர் பொருள் எங்கே தாக்கும்? கணிப்பதும் சோதித்துப் பார்ப்பதும்

கார்பாக்சிலிக் எஸ்டரைப் படித்துவிட்டு பாஸ்பேட் எஸ்டருக்கு வருகிறவர்கள் பலரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். கார்பனைல் கார்பன் இருந்த இடத்தில் பாஸ்பரஸை எழுதி, அதே வளைந்த அம்புக்குறிகளைப் போட்டுவிடுவார்கள். பல நேரம் விடையும் சரியாக வந்துவிடும். தவறுகிறபோதுதான் சிக்கல்: எந்தப் பிணைப்பு அறுந்தது என்பதிலேயே தவறிவிடும். வினைவிளைபொருளைப் பார்த்தும் அந்தத் தவறு தெரியாது. நீர் டிரைமெத்தில் பாஸ்பேட்டின் பாஸ்பரஸைத் தாக்கினாலும் மெத்தில் கார்பனைத் தாக்கினாலும் கடைசியில் கிடைப்பது டைமெத்தில் பாஸ்பேட்டும் மெத்தனாலும்தான்.

ஒரு பாஸ்பேட் எஸ்டரில் கருக்கவர் பொருளுக்கு, அதாவது எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்துப் பிணைப்பை உண்டாக்கும் பொருளுக்கு, திறந்திருக்கும் இடங்கள் நான்கு. பாஸ்பரஸ்; எஸ்டர் ஆக்சிஜனோடு ஒட்டிய ஆல்கைல் கார்பன்; அரைல் எஸ்டராக இருந்து வளையத்தில் நைட்ரோ போன்ற தொகுதி இருந்தால் அந்த அரைல் கார்பன்; சயனோஎத்தில் போன்ற தொகுதியில் பீட்டா ஹைட்ரஜன். கடைசியில் சொன்ன இடத்தில் கருக்கவர் பொருள் வெறும் காரமாகத்தான் வேலை செய்யும். அம்புக்குறி போடுவதற்கு முன் இந்த நான்கில் எது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மூலக்கூறின் மின்சுமை.

முதலில் மின்சுமையை எண்ணுங்கள்

பாஸ்பாரிக் அமிலத்தின் மூன்று பி.கே.ஏ. மதிப்புகள் (புரோட்டானை எவ்வளவு எளிதில் விடும் என்பதன் அளவு; சிறியதானால் வலுவான அமிலம்) 2.15, 7.20, 12.35. எஸ்டராகும் ஒவ்வொரு ஆக்சிஜனும் ஓர் அமில ஹைட்ரஜனை இழக்கிறது. ஆகவே ஓரெஸ்டருக்கு இரண்டு பி.கே.ஏ. மதிப்புகள் (ஏறத்தாழ 1, 6.5), ஈரெஸ்டருக்கு ஒரே மதிப்பு (ஏறத்தாழ 1), மூவெஸ்டருக்கு எதுவுமில்லை. பி.எச். 8-ல் மூவெஸ்டர் நடுநிலை, ஈரெஸ்டர் ஒற்றை எதிர்மின் அயனி, ஓரெஸ்டர் இரட்டை எதிர்மின் அயனி. தாளில் எழுதும்போது மூலக்கூறை இந்த வடிவத்திலேயே வரையுங்கள். நடுநிலை அமிலமாக வரைந்துவிட்டு அதை ஹைட்ராக்சைடு தாக்குவதாகக் காட்டுவது தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. அந்த பி.எச்.-ல் அப்படியொரு மூலக்கூறு கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

எதிர்மின் சுமை வினையை இரண்டு வழியாகவும் அடைக்கிறது. இதைப் பாடநூல்கள் போதுமான அளவு சொல்வதில்லை. பாஸ்பரஸ் பக்கம், எதிர்மின் கருக்கவர் பொருள் நெருங்கவிடாமல் தள்ளப்படுகிறது. கார்பன் பக்கம், வெளியேறும் தொகுதி மோசமாகிறது. மூவெஸ்டரின் கார்பனைத் தாக்கினால் வெளியேறுவது டைஆல்கைல் பாஸ்பேட். அதன் இணை அமிலத்தின் பி.கே.ஏ. 1 அளவுதான் என்பதால் எளிதில் விலகும். ஈரெஸ்டரின் கார்பனைத் தாக்கினால் ஓரெஸ்டரின் இரட்டை அயனி வெளியேற வேண்டும், பி.கே.ஏ. 6.5. ஓரெஸ்டரின் இரட்டை அயனியில் இருந்து என்றால் பாஸ்பேட்டின் மும்மை அயனியே வெளியேற வேண்டும், பி.கே.ஏ. 12-க்கு மேல். அது நடக்காது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதை ரிச்சர்ட் வுல்ஃபெண்டன் குழுவின் அளவீடுகள் காட்டுகின்றன. உயர் வெப்பநிலைகளில் அளந்து 25 டிகிரி செல்சியஸுக்கு நீட்டிக் கணித்தவை அவை. நடுநிலை நீரில் டைமெத்தில் பாஸ்பேட்டின் அரை ஆயுட்காலம் சுமார் 1,40,000 ஆண்டுகள். அதுவும் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு அறுவதால். பாஸ்பரஸ் தாக்குதலை மட்டும் அளக்க 2006-ல் நியோபென்டைல் ஈரெஸ்டரை எடுத்தார்கள். நியோபென்டைல் கார்பனில் எஸ்.என்.2 தாக்குதலுக்கு (பின்புறமிருந்து ஒரே படியில் நடக்கும் பதிலீட்டுக்கு) இடநெருக்கடி என்பதால் அந்த வழி அடைபட்டது. கிடைத்த அரை ஆயுட்காலம் சுமார் 3 கோடி ஆண்டுகள். மெத்தில் பாஸ்பேட்டின் இரட்டை அயனிக்கு ஒரு லட்சம் கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

மூவெஸ்டர்: பாஸ்பரஸா, கார்பனா?

இங்கேதான் கருக்கவர் பொருளின் தன்மை முடிவு செய்கிறது. கடின வகை (ஹைட்ராக்சைடு, ஆல்காக்சைடு, ஃபுளோரைடு) பாஸ்பரஸை நாடும். மென் வகை (அயோடைடு, தயோலேட்டு, புரோமைடு), அமீன்கள் ஆகியவை மெத்தில், பென்சைல், அல்லைல் கார்பனை நாடும். ஆக்ஸிம், ஹைட்ராக்சமேட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு அயனி ஆகியவற்றில் தாக்கும் அணுவுக்கு அடுத்த அணுவிலும் தனித்த எலக்ட்ரான் இரட்டை இருக்கிறது. இவை தம் காரத்தன்மை காட்டும் அளவைவிட வேகமாகப் பாஸ்பரஸைத் தாக்கும். ஆல்ஃபா விளைவு என்பது இதுதான்.

டிரைமெத்தில் பாஸ்பேட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஹைட்ராக்சைடோடு அதன் இரண்டாம் படி வினைவேக மாறிலி அறை வெப்பநிலையில் 10⁻⁴ என்ற அளவில் இருக்கிறது (ஒரு மோலாருக்கு, ஒரு நொடிக்கு). 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அரை ஆயுட்காலம் 0.693-ஐ 10⁻⁴-ஆல் வகுத்தால் வருவது: ஏறத்தாழ 6,900 நொடி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே வழியை பி.எச். 7-க்குக் கணக்கிடுங்கள். ஹைட்ராக்சைடு செறிவு 10⁻⁷ ஆகிவிடுவதால் அரை ஆயுட்காலம் 2,000 ஆண்டுகளைத் தாண்டும். ஆனால் நடுநிலை நீரில் டிரைமெத்தில் பாஸ்பேட் ஓரிரு ஆண்டுகளில் பாதியாகிவிடுகிறது. அப்படியானால் வேறு வழி ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீர் மூலக்கூறு மெத்தில் கார்பனைத் தாக்குகிறது, பி.எச். சார்பில்லாத எஸ்.என்.2. காரத்தில் பாஸ்பரஸ்-ஆக்சிஜன் பிணைப்பும் நடுநிலையில் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பும் அறுகின்றன என்று 1945-லேயே ஆக்சிஜன்-18 அடையாளமிட்ட நீரால் காட்டிவிட்டார்கள். "பாஸ்பேட் எஸ்டர் நீராற்பகுப்பு" என்று பி.எச். சொல்லாமல் ஒரு வினைவழிமுறையைக் கேட்டால், கேள்வியே முழுமையில்லை.

அயோடைடால் ஒரு மெத்திலை மட்டும் கழற்றுவது

இந்த வேறுபாடு தயாரிப்பு வேலையில் நேரடியாகப் பயன்படும். மெத்தில் அல்லது பென்சைல் மூவெஸ்டரை உலர் அசிட்டோனில் கரைத்து, 1.0 முதல் 1.2 சமானம் உலர்ந்த சோடியம் அயோடைடு சேர்த்து, மீள்கொதிநிலையில் வையுங்கள். அயோடைடு கார்பனைத் தாக்குகிறது. ஈரெஸ்டரின் சோடியம் உப்பு அசிட்டோனில் கரையாமல் வெண்மையாக வீழ்படியும். வடிகட்டி, குளிர்ந்த அசிட்டோனால் கழுவினால் போதும். வினை ஓர் ஆல்கைலோடு நின்றுவிடும். அயோடைடை அதிகமாகப் போட்டாலும் இரண்டாவது ஆல்கைல் எளிதில் கழலாது. காரணம் மேலே சொன்ன மின்சுமைக் கணக்குதான்.

தவறுவது எங்கே? எத்தில் எஸ்டரில் வினை மிக மெதுவாகும்; ஐசோபுரொப்பைலில் கிட்டத்தட்ட நடக்காது. கூடுதல் கொதிநிலையுள்ள பியூட்டனோனுக்கு மாறினால் எத்திலுக்கு ஓரளவு உதவும். டிரைஃபீனைல் பாஸ்பேட்டை இந்த முறையில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கவைத்தாலும் பலனில்லை, ஏனென்றால் அரைல் கார்பனில் எஸ்.என்.2 கிடையாது. கரைப்பானில் நீர் இருந்தால் உப்பு வீழ்படியாமல் கோந்தாகிவிடும். உடன்விளையும் மெத்தில் அயோடைடின் கொதிநிலை 42 டிகிரி. அது ஆல்கைலேற்றும் நச்சு. டிரைமெத்தில் பாஸ்பேட்டும் அப்படியே. இரண்டுமே டி.என்.ஏ.-வின் காரங்களில் மெத்திலை ஏற்றக்கூடியவை. புகைப்போக்கிப் பெட்டிக்கு வெளியே இதைச் செய்யாதீர்கள்.

எல்லா ஆல்கைலையும் கழற்ற வேண்டுமென்றால் மின்சுமை சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புரோமோடிரைமெத்தில்சிலேன் அதைத்தான் செய்கிறது. பாஸ்போரைல் ஆக்சிஜன் சிலிக்கானைப் பிடிக்கிறது, பிறகு புரோமைடு ஆல்கைல் கார்பனைத் தாக்குகிறது. மிஞ்சுவது சிலைல் எஸ்டர், நடுநிலையான ஒன்று. அதனால் அடுத்த ஆல்கைலும் அதே வேகத்தில் போகும். கடைசியில் மெத்தனால் ஊற்றினால் சிலைல் தொகுதிகள் உதிர்ந்துவிடும். பாஸ்போனேட்டுகளுக்கு 1977 முதல் இது நிலையான முறை. கரைப்பானில் ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் புரோமைடு உண்டாகி, அமிலம் பொறுக்காத மற்றத் தொகுதிகளைக் கெடுக்கும்.

செயற்கை டி.என்.ஏ. தயாரிப்பிலும் இதே தேர்வு உண்டு. முன்பு பாஸ்பேட்டில் மெத்தில் பாதுகாப்புத் தொகுதியை வைத்து, தயோஃபீனால், டிரைஎத்திலமீன், டையாக்சேன் கலவையால் கழற்றினார்கள். தயோஃபீனோலேட்டு மென்மையானது, அதனால் மெத்தில் கார்பனை மட்டும் எடுத்துக்கொண்டு இழையின் பாஸ்பரஸைத் தொடாது. அந்த இடத்தில் ஹைட்ராக்சைடைப் போட்டிருந்தால் இழையே துண்டாகியிருக்கும். இன்று அங்கே சயனோஎத்தில் இருக்கிறது. அம்மோனியா பீட்டா ஹைட்ரஜனைப் பறித்து அக்ரைலோநைட்ரைலாக வெளியேற்றுகிறது. அக்ரைலோநைட்ரைல் தைமின் நைட்ரஜனில் ஏறிவிடாமல் பார்ப்பது தனி வேலை.

வெளியேறும் தொகுதியின் எடை

பாஸ்பரஸ் தாக்குதல் என்று முடிவான பிறகு வெளியேறும் தொகுதியின் பி.கே.ஏ.-வைப் பாருங்கள். மெத்தனால் 15.5, ஃபீனால் 10.0, 4-நைட்ரோஃபீனால் 7.15, 2,4-டைநைட்ரோஃபீனால் 4.1. ஓரெஸ்டர் இரட்டை அயனியில் இந்த மதிப்பு ஓர் அலகு குறைந்தால் வேகம் 10-ன் 1.23 அடுக்கு, அதாவது 17 மடங்கு கூடும். ஃபீனாலில் இருந்து 4-நைட்ரோஃபீனாலுக்குப் போனால் 2.85 அலகு வித்தியாசம்; வேகம் ஏறத்தாழ 3,000 மடங்கு. பி.கே.ஏ.-வோடு வேகம் மாறும் இந்தச் சரிவு மூவெஸ்டரில் இவ்வளவு செங்குத்தாக இல்லை.

சரிவு சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஓரெஸ்டரில் வினையின் உச்ச ஆற்றல் கட்டமான இடைநிலையின்போது வெளியேறும் தொகுதியின் பிணைப்பு கிட்டத்தட்ட முழுதும் அறுந்துவிட்டது. கருக்கவர் பொருளின் பிணைப்போ இன்னும் சரியாக உருவாகவில்லை. அதனால் கருக்கவர் பொருளின் காரத்தன்மையைக் கூட்டினாலும் வேகம் கொஞ்சம்தான் உயரும். மூவெஸ்டரில் நிலைமை தலைகீழ்: புதிய பிணைப்பு முன்னே உருவாகி, ஐந்து பிணைப்புள்ள பாஸ்போரேன் தோன்றலாம். எல்லாப் பாஸ்பேட்டுக்கும் ஒரே படத்தை வரைவதை விட்டுவிட இது ஒன்றே போதும்.

2,4-டைநைட்ரோஃபீனைல் எஸ்டரோடு அமீன் சேர்த்து மஞ்சள் நிறம் வந்தவுடன் "பாஸ்பரஸ் தாக்குதல்" என்று குறித்துவிடாதீர்கள். அமீன் அரைல் கார்பனையும் தாக்கி டைநைட்ரோஅனிலீனைத் தரும், அதுவும் மஞ்சள்தான். நிறமாலையை முழுதாக எடுத்து உச்சம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

ஐந்தணு வளையம்

மெத்தில் எத்திலீன் பாஸ்பேட் டிரைமெத்தில் பாஸ்பேட்டைப் போன்றதே. ஒரு வித்தியாசம், இரண்டு ஆக்சிஜன்கள் ஐந்தணு வளையத்தில் கட்டுண்டிருக்கின்றன. நீராற்பகுப்பு வேகமோ ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு அதிகம். வளையத்துக்குள் ஆக்சிஜன்-பாஸ்பரஸ்-ஆக்சிஜன் கோணம் சுமார் 98 டிகிரிக்கு நெருக்கப்பட்டிருக்கிறது. நான்முகியில் அது இறுக்கம். ஐந்து பிணைப்புள்ள முக்கோண இருபிரமிடாக (மேலும் கீழும் இரண்டு அச்சு நிலை, நடுவே மூன்று கிடைத்தள நிலை) மாறினால் வளையம் ஒரு அச்சு நிலையையும் ஒரு கிடைத்தள நிலையையும் பிடித்து 90 டிகிரியில் வசதியாக உட்காரும்.

வரையும்போது ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர் 1968-ல் தொகுத்த விதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கருக்கவர் பொருள் அச்சு நிலையில் நுழையும். வெளியேறும் தொகுதி அச்சு நிலையில் இருந்துதான் போகும். எலக்ட்ரானை இழுக்கும் தொகுதிகள் அச்சு நிலையை விரும்பும். ஐந்தணு வளையம் இரண்டு கிடைத்தள நிலைகளைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே 120 டிகிரி வேண்டும். வெளியேற வேண்டிய தொகுதி கிடைத்தளத்தில் இருந்தால், முதலில் போலிச் சுழற்சி (பிணைப்பு அறாமல் அச்சு, கிடைத்தளத் தொகுதிகள் இடம் மாறுவது) நடந்து அது அச்சுக்கு வர வேண்டும். அமிலத்தில் மெத்தில் எத்திலீன் பாஸ்பேட்டின் வளையம் திறப்பதோடு, வளையத்துக்கு வெளியே உள்ள மெத்தாக்சியும் வேகமாகவே போவது இந்தச் சுழற்சி இல்லாமல் விளங்காது.

ஆர்.என்.ஏ.-வைக் காரத்தில் உடைப்பது

பக்கத்திலேயே ஒரு ஹைட்ராக்சில் இருந்தால் ஈரெஸ்டரின் பிடிவாதம் தளர்ந்துவிடும். ஆர்.என்.ஏ.-வின் 2'-ஹைட்ராக்சில் (சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் உள்ளது) காரத்தில் ஆல்காக்சைடாகி அடுத்துள்ள பாஸ்பரஸைத் தாக்குகிறது, 5'-ஆல்காக்சைடு வெளியேறுகிறது, 2',3'-வளைய பாஸ்பேட் உண்டாகிறது. பிறகு ஹைட்ராக்சைடு அந்த வளையத்தை இரு பக்கமும் திறக்கிறது. ஆகவே 2'-பாஸ்பேட்டும் 3'-பாஸ்பேட்டும் கலவையாகக் கிடைக்கும், 5'-பாஸ்பேட் கிடைக்காது. இந்தக் கலவையிலிருந்துதான் பிரௌனும் டாடும் 1952-ல் வளைய இடைநிலைப்பொருளை ஊகித்தார்கள். டி.என்.ஏ.-வில் 2'-ஹைட்ராக்சில் இல்லாததால் அதே காரத்தில் இழைகள் பிரிந்து நிற்குமே தவிர அறுவதில்லை.

செய்முறை எளிது. ஆர்.என்.ஏ.-வை 0.3 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், 37 டிகிரியில், 18 மணி நேரம் வையுங்கள். பிறகு பனிக்கட்டியில் குளிரவைத்துப் பெர்குளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அமிலமாக்குங்கள். பொட்டாசியம் பெர்குளோரேட்டு வீழ்படியும், டி.என்.ஏ., புரதம் இருந்தால் அவையும் கூடவே இறங்கும். மையவிலக்கிச் சுழற்றி, மேல் திரவத்தை 260 நானோமீட்டரில் அளக்கலாம். சோடியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்தினால் பெர்குளோரேட்டு வீழ்படியாமல் கரைசலிலேயே உப்பாகத் தங்கும். அமிலமாக்கியதை அறை வெப்பத்தில் நெடுநேரம் விட்டுவைத்தால் 2', 3' இடையே பாஸ்பேட் இடம்பெயரும். அமிலத்தில் பாஸ்போரேன் புரோட்டான் ஏற்று, போலிச் சுழற்சி செய்யுமளவு நிலைத்து நிற்கிறது. காரத்தில் அதற்கு அவகாசம் இல்லை. ஐசோமர் விகிதம் முக்கியமென்றால் உடனே நடுநிலையாக்குங்கள்.

இதையே திருப்பிப் போட்டால் ஆர்.என்.ஏ.-வைப் பாதுகாக்கும் வழி கிடைத்துவிடும். காரமான தாங்கல் கரைசல், மெக்னீசியம், வெப்பம் மூன்றும் சேரவிடக்கூடாது.

ஓரெஸ்டரும் நொதியும்

ஆல்கைல் ஓரெஸ்டரின் நீராற்பகுப்பு பி.எச். 4 அளவில் உச்சத்தில் இருக்கும். அங்கே மிகுந்திருப்பது ஒற்றை அயனி. அதன் புரோட்டான் வெளியேறும் ஆக்சிஜனுக்கு மாறிவிடுவதால் ஆல்காக்சைடுக்குப் பதில் ஆல்கஹாலே விலகுகிறது. காரத்தைக் கூட்டினால் வினை வேகமெடுக்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பலிக்காது.

ஆய்வகத்தில் ஓரெஸ்டரின் நீராற்பகுப்பைக் கண்ணால் பார்க்க 4-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் போதும். தாங்கல் கரைசல்: 1 மோலார் டைஎத்தனோலமீன், 0.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 37 டிகிரியில் பி.எச். 9.8. அமீன் தாங்கல் கரைசல்களின் பி.எச். வெப்பத்தோடு இறங்கும், அறை வெப்பத்தில் 9.8 வைத்தால் குடுவையில் அது இருக்காது. எஸ்டரின் டைசோடியம் ஹெக்சாஹைட்ரேட்டு உப்பு ஒரு மில்லிலிட்டருக்கு 37.1 மில்லிகிராம் என்று கரைத்தால் 100 மில்லிமோலார். தாங்கல் 2.6 மில்லி, எஸ்டர் கரைசல் 0.3 மில்லி எடுத்துச் சூடேறவிட்டு, 0.1 மில்லி நொதி சேர்த்து, 405 நானோமீட்டரில் உறிஞ்சலைத் தொடருங்கள். 4-நைட்ரோஃபீனாக்சைடின் மோலார் உறிஞ்சல் குணகத்தை 18,500 என்று கொள்ளலாம். நிமிடத்துக்கு 0.185 ஏறினால் நிமிடத்துக்கு 10 மைக்ரோமோலார்; 3 மில்லி கரைசலில் 30 நானோமோல், அதாவது 0.03 நொதி அலகு. நொதியை ஒரு மில்லிக்கு 0.3 அலகு அளவில் நீர்க்கச்செய்தால் இந்த வேகம் வரும்.

கெடுவது பெரும்பாலும் இவற்றால். எஸ்டர் கரைசல் பழையதாகி, ஆயிரத்தில் ஒரு பங்கு நைட்ரோஃபீனால் விடுபட்டிருந்தாலே தொடக்க உறிஞ்சல் 0.185 கூடிவிடும், மஞ்சள் தெரிந்தால் புதிதாகக் கரையுங்கள். நொதியை வெறும் நீரில் நீர்க்கச்செய்தால் துத்தநாகத்தை இழந்து செத்துவிடும். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பொருள்களும் அதையே செய்யும். பாஸ்பேட் தாங்கல் கரைசல் போட்டியாகத் தடுக்கும். அமில பாஸ்பட்டேஸை பி.எச். 5-ல் அளப்பவர்கள் நேரடியாக நிறத்தைப் பார்க்க முடியாது, நைட்ரோஃபீனாலின் பி.கே.ஏ. 7.15 என்பதால் அங்கே நிறமே இராது. குறித்த நேரத்தில் எடுத்து, இறுதியில் 0.1 மோலார் வருமாறு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

அந்தச் சோடியம் ஹைட்ராக்சைடைச் சற்று யோசித்துப் பாருங்கள். 0.1 மோலார் ஹைட்ராக்சைடு கடினமான, வலுவான கருக்கவர் பொருள். எஸ்டரோ நல்ல வெளியேறும் தொகுதி உள்ளது. இருந்தும் வினை நின்றுபோகிறது. ஒரு மணி நேரம் கழித்து அளந்தாலும் நிறம் அநேகமாக அப்படியே இருக்கும். இரட்டை எதிர்மின் சுமை ஹைட்ராக்சைடை அண்டவிடவில்லை. நொதி அதே மூலக்கூறை இரண்டு துத்தநாக அயனிகளோடும் அர்ஜினினோடும் பிணைத்து மின்சுமையைச் சமன் செய்து, செரின்-102-இன் ஆக்சிஜனால் தாக்குகிறது (எ. கோலை நொதியின் எண்). முதலில் செரின் பாஸ்பேட், பிறகு நீர் அல்லது டைஎத்தனோலமீன் ஏற்கிறது. ஒவ்வொரு படியிலும் பாஸ்பரஸின் வடிவம் தலைகீழாகும்; இரண்டு தலைகீழாக்கங்கள் சேர்ந்து அது மாறாமல் வரும். மூன்று ஆக்சிஜன் ஐசோடோப்புகளால் கைரலாக்கிய பாஸ்பேட்டைக் கொண்டு ஜெரமி நோல்ஸ் குழு 1978-ல் இதைக் காட்டியது. ஏ.டி.பி.-யின் பாஸ்பேட்டை வேறு மூலக்கூறுக்கு மாற்றும் கைனேஸ் நொதிகளில் பெரும்பாலானவற்றில் ஒரே படி, அதனால் தலைகீழாகும்.

ஏ.டி.பி.-யில் எந்த இடம் தாக்கப்படும் என்பதையும் நொதிதான் தீர்மானிக்கிறது. கைனேஸ் காமா (கடைக்கோடி) பாஸ்பரஸை, பாலிமரேஸ் ஆல்ஃபா (சர்க்கரையை ஒட்டிய) பாஸ்பரஸைத் தாக்கவைக்கும். மெத்தியோனின் அடினோசைல்டிரான்ஸ்ஃபரேஸில் கந்தகம் 5'-கார்பனைத் தாக்கி டிரைபாஸ்பேட்டை மொத்தமாகத் தள்ளிவிடுகிறது. மென் கருக்கவர் பொருள் கார்பனுக்குப் போகும் என்ற விதி உயிரணுவிலும் செல்லுபடியாகிறது.

பூச்சிமருந்து நஞ்சில் இதே கணக்கு

மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் நரம்புச் சைகையை நிறுத்தும் நொதியான அசிட்டைல்கோலின்எஸ்டரேஸின் செரினில் டைமெத்தில் பாஸ்போரைலை ஏற்றிவிடுகின்றன. அந்த நிலையில் பாஸ்பரஸ் நடுநிலை மூவெஸ்டரில் இருக்கிறது. மாற்று மருந்தான பிராலிடாக்ஸிமின் ஆக்ஸிமேட்டு அதைத் தாக்கிச் செரினை விடுவிக்க முடியும். காலம் கடந்தால் ஒரு மெத்தில், கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு அறுந்து போய்விடுகிறது. நொதி மூப்படைந்துவிட்டது என்பார்கள். மிஞ்சுவது எதிர்மின் ஈரெஸ்டர், அதன் பிறகு எந்த ஆக்ஸிமும் எடுபடாது. 37 டிகிரியில் இதன் அரை ஆயுட்காலம் டைமெத்தில் வகைக்குச் சுமார் 3.7 மணி நேரம், குளோர்பைரிபாஸ் தரும் டைஎத்தில் வகைக்குச் சுமார் 33 மணி நேரம். வேதியியல் வழி திறந்திருப்பதும் நோயாளி பிழைப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் நடந்து 2009-ல் வெளியான மருத்துவச் சோதனையில் பிராலிடாக்ஸிமால் இறப்பு குறையவில்லை. பாராக்சான் போன்ற செயல்மிக்க மூவெஸ்டர்களை வைத்து மாணவர் ஆய்வகத்தில் வேகம் அளக்க நினைக்காதீர்கள். அதே கணக்கைப் பாதிப்பில்லாத ஓரெஸ்டரில் கற்றுக்கொள்ளலாம்.

அறுந்தது எந்தப் பிணைப்பு? ஆக்சிஜன்-18 சோதனை

கணிப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சோதித்துப் பார்க்க ஒரே நேரடி வழி இதுதான். வினையை 50 சதவீதம் ஆக்சிஜன்-18 உள்ள நீரில் நடத்துங்கள். விலை மிச்சம் என்பதற்காக மட்டும் 50 சதவீதம் இல்லை. பாஸ்பரஸ்-31 என்.எம்.ஆர்.-இல் ஓர் ஆக்சிஜன்-18 ஏறினால் உச்சி 0.02 முதல் 0.04 பி.பி.எம். வரை மேல்புலம் நகரும். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் பாஸ்பரஸ் 162 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதால் 0.03 பி.பி.எம். என்பது 5 ஹெர்ட்ஸ் அளவே. முழு அடையாளமிட்ட நீரில் ஒற்றை உச்சி வந்தால் அது நகர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. பாதிப்பாதி நீரில், பாஸ்பரஸ் தாக்கப்பட்டிருந்தால் சம உயரத்தில் இரண்டு உச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கார்பன் தாக்கப்பட்டிருந்தால் ஒன்றுதான்.

மூவெஸ்டர் 50 மில்லிமோலார், சோடியம் ஹைட்ராக்சைடு 0.25 மோலார், மொத்தம் 0.6 மில்லி போதும். ஹைட்ராக்சைடை அடையாளமிட்ட நீரிலேயே கரையுங்கள். சாதாரண நீரில் கரைத்த அடர் கரைசலைச் சேர்த்தால் விகிதம் கெடும். காந்தப்புலப் பூட்டுக்குச் சேர்க்கும் கனநீரையும் கணக்கில் எடுங்கள். உச்சியின் அகலம் 2 ஹெர்ட்ஸுக்குள் வராவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்கு வழக்கமான குற்றவாளி இரும்பு, மாங்கனீசு போன்ற இணைகாந்த மாசுகள், சிறிது ஈ.டி.டி.ஏ. சேர்த்தால் சரியாகும். புரோட்டான் பிணைவை நீக்கி எடுக்க மறக்காதீர்கள்.

மெத்தனால் பக்கமும் பார்த்துவிடுவது நல்லது. வளிம நிறச்சாரல் நிறைநிறமாலையில் மெத்தனாலின் மூலக்கூறு அயனி 32, அடையாளமிட்டது 34. ஆனால் 32-இல் காற்றின் ஆக்சிஜன் எப்போதும் உட்கார்ந்திருக்கும். ஒரு ஹைட்ரஜனை இழந்த 31, 33 என்ற இணையைப் பயன்படுத்துங்கள், அதுவே வலுவான உச்சியும்கூட. அடையாளமிட்ட மெத்தனாலிலும் ஒரு சிறு பங்கு இரண்டு ஹைட்ரஜன்களை இழந்து 32-இல் விழும் என்பதால் 32-ஐ எந்தக் கணக்குக்கும் நம்ப வேண்டாம்.

இரண்டு கட்டுப்பாட்டுச் சோதனைகள் இல்லாமல் முடிவெழுதாதீர்கள். வினையைப் பாதியில் நிறுத்தி, வினைபுரியாமல் மிஞ்சிய மூவெஸ்டரைப் பிரித்தெடுத்து அதன் பாஸ்பரஸ் உச்சியைப் பாருங்கள். பாஸ்போரேன் உருவாகி, போலிச் சுழற்சி செய்து, திரும்பவும் ஹைட்ராக்சைடை உதறியிருந்தால் அடையாளம் மூவெஸ்டரின் பாஸ்போரைல் ஆக்சிஜனிலேயே ஏறியிருக்கும். அப்படியானால் இரட்டை உச்சியை வைத்து மட்டும் அறுந்த பிணைப்பைச் சொல்ல முடியாது. அடுத்தது, தூய டைமெத்தில் பாஸ்பேட்டை அதே காரத்தில், அதே வெப்பத்தில், அதே நேரம் வைத்து, அது தானாக ஆக்சிஜனை மாற்றிக்கொள்ளவில்லை என்று உறுதிப்படுத்துவது.